அக்கா கேட்டது

1936, ஆனி மாதம், வியாழன் இரவு.

வீட்டில் வயிற்றுக்குத்து என்று சொல்லிவிட்டு அக்கா என்னை வண்டிலில் மிஷன் ஆசுப்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனா. டாக்குத்தர் அம்மா சோதித்துவிட்டு, "மூண்டு மாதம். புருஷன் எங்கை?" என்று கேட்டா. எனக்கு ஏது புருஷன்? பிள்ளைக்குத் தகப்பனானவருக்கு வருகிற ஆவணியில் வேறு இடத்தில் கலியாணம்.

திரும்பி வரும்போது அக்காவின் காதுக்குள் சொன்னேன், "இதைக் கலைக்க மருத்துவிச்சியிட்டைக் குடிநீர் வாங்கித் தாங்கோ அக்கா."

"விசர்க்கதை கதையாதை. போன வருஷம் அதைக் குடிச்சவளைப் பாயிலை சுத்தியெல்லோ கொண்டு போனவை."

வண்டில் உடுவில் ஊரைத் தாண்டியது. பிறகு அக்கா றோட்டைப் பார்த்தபடி மெல்லச் சொன்னா, "அத்தானுக்கு அநுராதபுரத்துக்கு மாற்றம் வந்திருக்கு. நீயும் எங்களோடை வா. அங்கை பெத்துப்போட்டுப் பிள்ளையை எனக்குத் தா. ஒருதருக்கும் தெரிய வராது."

கலியாணம் முடித்துப் பன்னிரண்டு வருஷமாய் அக்காவுக்குப் பிள்ளை இல்லை. எனக்காகக் கேட்கிறாவா, தனக்காகக் கேட்கிறாவா என்று எனக்கு விளங்கவில்லை.

"ஓம்" என்றேன். வேறு என்ன சொல்ல?

வீட்டுக்கு வந்து, அம்மாவுக்குக் கேட்காமல் இவ்வளவு நேரமும் அழுதேன். அந்தப் பிள்ளை என்னைச் சின்னம்மா என்றுதான் கூப்பிடும். அந்தச் சொல்லை ஒருக்கால் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்.