படிவத்தில் எழுதிய இரண்டு பெயர்கள்

மார்ச் 4, செவ்வாய்

சின்னவள் இன்றும் பாயை விட்டு எழவில்லை. இரண்டு வாய் சோறு, அவ்வளவுதான். பெரியவன் போய் எழுபத்தொரு நாள். டியூஷன் முடிந்து மழையில் நிற்கிறேன், வா என்று இவள்தான் அவனைக் கூப்பிட்டாள். திரும்பும் வழியில் பைக் சறுக்கியது. பின்னால் உட்கார்ந்தவளுக்குக் கையில் சிராய்ப்பு மட்டும்.

நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இஸ்திரி அண்ணன் ஒரு படிவம் கொடுத்தார். மனசு ஒடிந்துபோன பிள்ளைகளையும் பெற்றவர்களையும் ஒரு மையத்தில் சனிக்கிழமைதோறும் உட்கார வைத்துப் பேசுகிறார்களாம். "எங்க மச்சான் மகன் அங்க போய்த்தான் மனுஷனானான். நீ அழுது அழுது பெட்ஷீட்ட நனைக்காத தங்கச்சி, அது ஏற்கெனவே ஈரம்தான்" என்றார். சிரித்துவிட்டேன். உடனே முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன்.

வழக்கமாகச் சின்னவள்தான் எனக்கு எழுதித் தருவாள். இன்று எழுத்துக்கூட்டி நானே நிரப்பினேன். பிள்ளைகள் பெயர் என்ற இடத்தில் கை இரண்டு பேரையும் எழுதிவிட்டது. அவன் பெயரை அடிக்க மனசு வரவில்லை.

மார்ச் 8, சனி

கெஞ்சி அழைத்துப் போனேன். பிள்ளைகளுக்கு ஒரு அறை, எங்களுக்கு ஒரு அறை. அவள் உள்ளே போனதும் பதிவேடு எழுதும் பெண், "பையன் வரலையாம்மா?" என்றாள்.

"வேலைக்கு வெளியூர் போயிருக்கான்."

ஏன் அப்படிச் சொன்னேன்?

திரும்பும் வழியில் சின்னவள், "அங்க யாரும் ஐயோ பாவம்னு பாக்கலம்மா" என்றாள். இத்தனை நாளில் முதல் முழுப் பேச்சு.

மார்ச் 15

சாப்பிட்ட தட்டைத் தானே கழுவினாள்.

மார்ச் 25, செவ்வாய்

மையத்திலிருந்து கடிதம். அவளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்ல முடியாது. கழிவறையில் உட்கார்ந்து விரல் வைத்து வாசித்தேன். பெயர் கொடுத்த பிள்ளை மூன்று சனி தொடர்ந்து வராவிட்டால் அந்தக் குடும்பத்தின் இடம் காத்திருப்பவர்களுக்குப் போய்விடுமாம். உங்கள் மகன் மூன்று வாரமும் வரவில்லை, மாதக் கடைசிக்குள் வந்து காரணம் சொல்லுங்கள் என்று போட்டிருக்கிறது.

செத்தவன் வரவில்லை என்று இருக்கிறவளைத் துரத்துகிறார்கள். துரத்த வைத்தது நான்.

மார்ச் 27

கடிதத்தைக் காட்டினேன். "தப்பா எழுதிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வா" என்றார் இஸ்திரி அண்ணன்.

"எது தப்புண்ணே? அவனப் பெத்ததா?"

அவர் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். பாவம் மனுஷன்.

வேலை முடிந்து மையத்து வாசல் வரை போனேன். நின்றேன். திரும்பிவிட்டேன்.

மார்ச் 29, சனி

எல்லாம் போச்சு. பதிவேட்டுப் பெண் சின்னவளிடமே கேட்டிருக்கிறாள், "அண்ணன் ஊர்லேருந்து எப்ப வருவாரு?" என்று. நான் எங்கள் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். டீ! அவள் தனியாக வீட்டுக்கு ஓடிவந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

"சாப்பிட வாடி."

தட்டைக் கதவருகே வைத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 31

சோறு வைத்தபடியே இருக்கிறது. காதைக் கதவில் வைத்து அவள் மூச்சைக் கேட்கிறேன். இவளும் போயிட்டா நான் எதுக்கு? யார் கால்ல விழ?

ஏப்ரல் 2, புதன்

போனேன். பதிவேட்டுப் பெண் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். "எம்மவன் செத்துட்டான்." அவள் பேனா அப்படியே நின்றது. இடத்தை நேற்றே வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்களாம். ஆலோசகர் அம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "அடுத்த இடம் வர ஒரு மாசம் ஆகும். அதுவரைக்கும் ரெண்டு பேரும் வந்து வராந்தாவுல உக்காருங்க. நான் வெளிய வந்து பேசுறேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து சாத்திய கதவிடம் பேசினேன். "பொய் சொன்னது நான்தான்டி. உம்மேல கோவத்துல இல்ல. அவன் இல்லன்னு சொல்ல வாய் வரல."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "நான் கூப்பிடாம இருந்திருந்தா?"

"நீ கூப்பிட்டு அவன் என்னைக்கு வராம இருந்திருக்கான்? கூப்பிட்டது ஒரு குத்தமா?"

உள்ளே அழுதாள். அவன் போன அன்றைக்குப் பிறகு இன்றுதான் அழுகிறாள். இருவரும் கதவுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தோம்.

ஏப்ரல் 5, சனி

வரமாட்டேன் என்றாள். நான் மட்டும் போய் வராந்தாவில் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 12, சனி

இடம் இன்னும் வரவில்லை. காலையில் அவளை எழுப்பவில்லை, கெஞ்சவும் தெம்பில்லை. அடுப்படியில் நின்றிருந்தேன். எட்டிப் பார்த்தால், தலை வாரி, செருப்பு மாட்டி, வாசலில் நிற்கிறாள்.

"என்னம்மா பண்றே? நேரமாகுது" என்றாள்.