நடுச் சுவர்

டிச. 4, வியாழன்
காலையில் தூறல். உள் அறையின் நடுச் சுவரைக் கொத்த ஆரம்பித்தாயிற்று. இடுப்பு உயரம் வரை பூச்சு விரல் பட்டாலே உதிர்கிறது. மாவு போல் பூத்திருந்ததை நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பேதான். அந்தப் பக்கம் தம்பி சேகரின் பாகம். விற்காத உப்பு மூட்டைகளைச் சுவரோடு ஒட்டி அடுக்கியிருக்கிறான். மழைக்காற்றில் அவை கசிய, ஈரமெல்லாம் இங்கே.

பாகம் பிரித்த அன்று அப்பா: "படிச்சவனுக்கு எதுக்குடா உப்பளம்?" அளம் அவனுக்கு. கசிவு எனக்கு.

டிச. 6, சனி
கொத்தனார் ஏழுமலை பூசிக்கொண்டே, "மூட்டைய நகத்தலன்னா பொங்கலுக்கு மறுபடியும் என்னையே கூப்டுவீங்க சார். எனக்கு நல்லதுதான்." சிரிப்பு வேறு.

வசந்தா விடவில்லை. "மீனா தலைப்பிரசவத்துக்கு வர்றா. பச்சக் குழந்தைய இந்த ஈரத்துலயா போடறது? தம்பிகிட்ட ஒரு வார்த்த சொன்னா என்னங்க?"

சொல்ல மாட்டேன். அம்மாவின் காரியப் பத்திரிகையில் தன் பெயரை முதலில் போட்டவன். அன்றோடு பேச்சு நின்றது.

டிச. 9, செவ்வாய்
வாங்க: பட்டி, உப்புத்தாள், இளம்பச்சை பெயின்ட், மீனாவுக்கு நாட்டு முட்டை.
பூச்சு காயாமல் பட்டி பார்க்கக் கூடாது. தெரியும். நாள் இல்லை. நாள் முழுக்க ஃபேன்.

டிச. 14, ஞாயிறு
விடாத மழை. இளம்பச்சை முழுக்கக் கொப்புளம். அழுத்தினால் தண்ணீர். சுவரை மறைத்துப் பெட்ஷீட் கட்டினேன்.

டிச. 17, புதன்
மீனா வந்தாள். முகம் வீங்கியிருக்கிறது. பெட்ஷீட்டை விலக்கிப் பார்த்தாள். இருமல்.
"சித்தப்பாகிட்ட கேட்டீங்களாப்பா?"
பெட்ஷீட்டை இழுத்து மறுபடி மூடினேன்.
"கேக்கல. சரி." வயிற்றைப் பிடித்துக்கொண்டு நேரே அங்கே போனாள்.

சேகரின் குரல் தெருவரைக்கும்: "ஏம்மா, யாராச்சும் சொல்லியிருந்தா அன்னிக்கே எடுத்திருப்பனே." மாலைவரை மூட்டை இழுக்கும் சத்தம். அவன் மனைவி: "இனிமே எடுத்து என்னா, அந்தச் சுவரு காய மாசி ஆவும். நீ எங்க முன் ரூம்ல இரு மீனா."
வசந்தா பையை எடுத்துப் போய்க் கொடுத்தாள்.

டிச. 19, வெள்ளி
வெயில். வசந்தாவும் தலையணையோடு அங்கே. சோறு மூடி வைத்திருக்கிறாள். மூட்டைகள் போனதிலிருந்து அந்தப் பக்கப் பேச்செல்லாம் கேட்கிறது.
"அண்ணனயும் சாப்ட கூப்டுங்க அண்ணி."
"வர மாட்டாரு. சுவரப் பாத்துக்கினு உக்காந்திருப்பாரு."
ஈரம் இன்னும் இடுப்பு உயரம்.