கௌரியம்மாள் வீட்டு அரிசி டிரம்

திருத்தணி
டிசம்பர் 7, ஞாயிறு மதியம்

என் வீட்டுக்காரருக்கு மனோரமா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் சினேகாவும் சுகம். உங்கள் சுகத்தை உங்கள் கையெழுத்தில் பார்த்து இரண்டு மாதம் ஆகிறது. மறுவாழ்வு இல்லத்துக்குப் போன் போட்டால், நன்றாகச் சாப்பிடுகிறார், தோட்ட வேலை பார்க்கிறார் என்று வார்டன் சொல்கிறார். என் புருஷன் சாப்பிட்டாரா என்பதை வேறு ஒருத்தர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. போகட்டும். அங்கே உங்களுக்குப் போன் கிடையாது என்பதால் நானே எழுதிக்கொண்டிருக்கிறேன். இது ஐந்தாவது கடிதம்.

மழை விட்டுவிட்டது. உங்கள் ஆட்டோவைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறேன். சீட்டுக்கு அடியில் எலி குட்டி போட்டிருந்தது, சினேகா அலறிய அலறலில் தெருவே கூடிவிட்டது. அவள் அரைப் பரீட்சைக்குப் படிக்கிறாள், அல்லது படிப்பது போல இருக்கிறாள்.

நேற்று எங்கள் சபையிலிருந்து பன்னிரண்டு பேர் ஆர்.கே.பேட்டைப் பக்கம் வெள்ளம் புகுந்த வீடுகளைச் சுத்தம் செய்யப் போனோம். இளங்கோவன் அண்ணன்தான் தலைமை. ரயில்வேயில் இருந்து ரிட்டையர் ஆகி ஆறு வருஷம் ஆகியும் அந்த விசிலை விடமாட்டேன் என்கிறார். கே.ஜி.கண்டிகையில் டீ குடிக்க வண்டியை நிறுத்தியதற்கும் விசில், ஏறுவதற்கும் விசில். எனக்குச் சிரிப்பு வந்தது. ஊருக்குள் போனதும் சிரிப்பு நின்றுவிட்டது. ஓடை உடைத்துக்கொண்டு நாற்பது வீட்டில் மார்பளவு தண்ணீர் நின்றிருக்கிறது. தண்ணீர் வடிந்த பிறகு வீட்டுக்குள் நாலு விரல் கனத்துக்குச் சேறு.

எங்களுக்குக் கிடைத்த முதல் வீடு கௌரியம்மாள் என்கிற விதவையுடையது. பவர்லூம் கொட்டகையில் நூல் சுற்றுகிற வேலை, ஐம்பத்தைந்து வயது என்றார்கள். பிள்ளை குட்டி கிடையாது. காய்ச்சலோடு பள்ளிக்கூட முகாமில் படுத்திருந்ததால், பக்கத்து வீட்டுப் பங்காரு என்பவர் சாவியோடு வந்தார். வந்தவர் வாசலிலேயே கையைக் குறுக்கே வைத்து நின்றுகொண்டு, சர்ச்காரங்க சுத்தம் பண்ணுங்க, நான் வாணாம்னு சொல்லல, ஆனா சாமி ரூம்ல கைய வெச்சீங்கன்னா அப்புறம் நடக்கறதே வேற என்றார். இளங்கோவன் அண்ணன் அவர் கையைப் பிடித்து, உங்க சாமிய நாங்க தொடமாட்டோம்ங்க, வாக்கு என்றார். பங்காருவின் மனைவியையே கூப்பிட்டுப் படங்களை எடுத்துக்கொண்டு போகச் சொன்னோம். அந்த அறை வாசலில் நாங்களே ஒரு பெஞ்சைக் குறுக்கே போட்டோம். நாள் முழுக்க எங்கள் பன்னிரண்டு பேர் கண்ணும் அந்தப் பெஞ்சின் மேலேதான் இருந்தது. ஒரு வாளி தண்ணீர் அந்தப் பக்கம் தெறித்தால்கூட ஆள் ஆளுக்குக் கத்தினோம்.

அடுப்படி என் பொறுப்பு. பத்தொன்பது வருஷம் சத்துணவுக் கூடத்தில் சமைத்தவளுக்கு அரிசி விஷயத்தில் யாரும் பாடம் எடுக்க வேண்டாம் அல்லவா. வெள்ளம் பட்ட தானியத்தை வீட்டுக்காரரைக் கேட்காமலே முதல் வேலையாகக் கொட்டிவிட வேண்டும் என்பது எங்கள் குழுவில் நான் போட்ட விதி. இல்லாவிட்டால் பாவம் பார்த்து யாராவது கழுவி உலையில் போட்டுவிடுவார்கள். அந்த வீட்டில் பெரிய டிரம் நிறைய ரேஷன் அரிசி, நாலு நாள் ஊறி நாறிக்கொண்டிருந்தது. நானே கவிழ்த்து, வாரி, சேறு அள்ள வந்த டிராக்டரில் ஏற்றினேன். டிரம்மை மூன்று தடவை தேய்த்து வெயிலில் வைத்தேன். புதுசு போல ஆகிவிட்டது.

சாயந்தரம் திரும்பினோம். உடம்பெல்லாம் வலி. தூக்கம் மட்டும் சரியாக வரவில்லை. உங்களுக்குச் சளி என்று வார்டன் சொன்னார், மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள். பதில் எழுதத் தோன்றினால் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனோரமா


திருத்தணி
டிசம்பர் 10, புதன்

என் வீட்டுக்காரருக்கு,

முன் கடிதம் உங்களுக்குக் கிடைத்திருக்குமோ என்னவோ, அதற்குள் அடுத்தது. இன்று வேலைக்கு லீவு சொல்லிவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

கௌரியம்மாள் திங்கட்கிழமை வீட்டுக்கு வந்திருக்கிறாள். நேராக அடுப்படிக்குப் போய் டிரம்முக்குள் கையை விட்டிருக்கிறாள். அதற்குள்தான் அந்த வீட்டின் பட்டா இருந்ததாம். முன்பு ஒரு தடவை அவள் கொழுந்தன்மார்கள் பீரோவை உடைத்துப் பார்த்திருக்கிறார்கள். அன்றிலிருந்து பட்டாவைப் பாலிதீன் பையில் சுற்றி, அரிசிக்கு அடியில் வைத்திருந்திருக்கிறாள். ஒண்டியாக இருக்கிறவள் சோற்றில் எவன் கை வைப்பான் என்று நினைத்திருக்கிறாள்.

காகிதம்தானே, வேறு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அது அவள் மாமனார் பெயரில் உள்ள பழைய பட்டா, கம்ப்யூட்டரில் ஏறவில்லை. ஓடைக்கரையில் உள்ள வீடுகளை அளக்க அடுத்த திங்கட்கிழமை, பதினைந்தாம் தேதி தாலுகா ஆபீஸ் ஆட்கள் வருகிறார்கள். காகிதம் காட்டாத வீடு ஆக்கிரமிப்பு என்று குறிக்கப்படும், அப்புறம் இடிப்பார்கள். அவளுக்கு இருப்பது அந்த ஒரு வீடுதான்.

நேற்று பங்காரு எட்டு ஆட்களோடு சர்ச்சுக்கே வந்துவிட்டார். பைபிள் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பட்டாவை எடுத்து வைத்துக்கொண்டு அவளை உங்கள் மதத்தின் வழிக்குக் கொண்டுவரப் பார்க்கிறீர்கள் என்று இளங்கோவன் அண்ணன் முகத்துக்கு நேராகக் கேட்டார். வெள்ளிக்கிழமைக்குள்ள காகிதம் வரணும், இல்லனா ஸ்டேஷன்ல பாத்துக்கலாம், பெரிய மனுஷன்னு நெனச்சு உள்ள வுட்டேன் பாரு என்னிய சொல்லணும் என்றார். அண்ணனுக்குப் பிரஷர் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். உதடு வெளுத்துவிட்டது. எங்க ஆளுங்க யாரும் எடுக்கலைங்க, ஒவ்வொருத்தரையும் கேட்டுட்டேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

கேட்டது உண்மைதான். என்னையும் கேட்டார். அடுப்படியில ஏதாச்சும் பாத்தியாம்மா என்றார். ஒண்ணும் பாக்கலண்ணே என்றேன்.

பார்க்கவில்லைதான். ஆனால் கையில் பட்டது. அதை உங்களுக்குப் போன கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். டிரம்மின் அடியில் ஊறிக் கட்டியாகிப்போன அரிசிக்குள், வழவழவென்று தட்டையாக ஏதோ தட்டுப்பட்டது. அரிசி கட்டி அப்படி இருக்காது என்று என் கைக்குத் தெரியும். எத்தனை மூட்டை அளைந்த கை இது. ஒரு நிமிஷம் நிதானித்து எடுத்துப் பார்த்திருக்கலாம். நாற்றம் குமட்டியது. வெளியே டிராக்டர் புறப்படப் போகிறது என்று அண்ணன் விசில் ஊதினார். எல்லாரையும் விட முதலில் என் பக்கம் முடிய வேண்டும் என்கிற ஆசையும் இருந்தது, அதை மறைப்பானேன். அப்படியே கூடையில் தள்ளினேன்.

இப்போது உண்மையைச் சொன்னால் பங்காரு நம்புவாரா? தெரிந்தேதான் கொட்டினார்கள் என்பார். சபைக்குக் கெட்ட பெயர். சொல்லாவிட்டால் அண்ணன் ஸ்டேஷனில் போய் நிற்பார். அந்த அம்மாள் தெருவில் நிற்பாள். நேற்றிலிருந்து சோறு இறங்கவில்லை. சினேகா கேட்டதற்குப் பல்வலி என்று சொல்லியிருக்கிறேன். பொய் ஒன்று சொன்னால் நிற்காது போலிருக்கிறது.

இதை உங்களிடம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று யோசித்துக்கொண்டேதான் எழுதுகிறேன். ஏப்ரல் மாதம் அந்த ஞாயிற்றுக்கிழமை, சபைக்கு முன்னால் எழுந்து நின்று, நான் குடிக்கிறேன் என்று சொல்லுங்கள், அப்போதுதான் விடுதலை கிடைக்கும் என்று உங்களைப் பிடித்துத் தள்ளாத குறையாக நிறுத்தினேன். நீங்கள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். சொல்லி முடித்து உட்கார்ந்த பிறகு என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் நல்லது செய்துவிட்டேன் என்று நினைத்து வீட்டுக்கு வந்து கறி சமைத்தேன். உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஒருநாளும் கேட்கவில்லை.

நாளைக் காலையில் போய்ச் சொல்லப் போகிறேன். எனக்காக ஜெபம் செய்யுங்கள். ஜெபம் வராவிட்டால் என்னைத் திட்டியாவது ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள்.

மனோரமா


திருத்தணி
டிசம்பர் 16, செவ்வாய்

என் பிரியமான வீட்டுக்காரருக்கு,

உயிரோடு இருக்கிறேன். அடி விழவில்லை. கை மட்டும் கொப்புளமாக இருப்பதால் எழுத்து கோணலாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை முதலில் இளங்கோவன் அண்ணன் வீட்டுக்குப் போனேன். டீ குடித்துக்கொண்டிருந்தார். சொன்னேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, வாம்மா என்றார். பஸ்ஸில் எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

கௌரியம்மாள் ஈரத் தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தாள். பங்காருவும் இருந்தார். அப்போதுதான் அவளை முதன்முதலாக நேரில் பார்க்கிறேன். நினைத்ததைவிடச் சின்ன உருவம். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பங்காரு அவள் பக்கம் திரும்பினார். அவள்தான் கேட்டாள், கையில பட்டுச்சா, பட்டும் கொட்னியா என்று. ஆங் என்றேன். அவள் எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். அறைவாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். எங்க கொட்னாங்க, வா, காட்டு என்று இழுத்துக்கொண்டு போனாள்.

நாற்பது வீட்டுச் சேறும் ஏரிக்கரை ஓரம் ஒரே மேடாகக் கிடந்தது. வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் அவளும் நானும் கிளறினோம். முதல் நாள் பங்காரு கரையில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். ஸ்டேஷன் பேச்சை எடுக்கவில்லை. இரண்டாம் நாள் மண்வெட்டியோடு வந்தார். எங்கள் சபை ஆட்களும் வந்தார்கள். டிராக்டர்காரர் போன சனிக்கிழமை லோடு எந்தப் பக்கம் கொட்டியது என்று யோசித்து யோசித்து இடம் காட்டினார். அவள் என்னிடம் பேசியதெல்லாம் அங்க இல்ல, இங்க என்பது மட்டும்தான். தண்ணீர் பாட்டிலை நீட்டினேன், வாங்கவில்லை.

சனிக்கிழமை மூன்று மணிக்கு அரிசி கிடைத்தது, கறுத்துப்போய். அதற்குள் அந்தப் பையும் கிடைத்தது. மண்வெட்டி பட்டோ டிராக்டர் ஏறியோ கிழிந்திருந்தது. கௌரியம்மாள் உள்ளே இருந்ததை எடுத்தாள். ஊறின அப்பளம் போலக் கையோடு வந்துவிட்டது. ஒரு மூலையில் பாதி முத்திரை, ஊதா நிறத்தில். பெயரும் இல்லை, நம்பரும் இல்லை. அவள் அழவில்லை. அந்த மூலையை மட்டும் முந்தானையில் வைத்து ஒற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். நான் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதேன். பங்காரு பக்கத்தில் வந்து நின்று, எழுந்திரும்மா, பூரான் கீரான் இருக்கப் போவுது என்றார்.

நேற்று அளக்க வந்தார்கள். நான் விடியற்காலையே போய்விட்டேன். காகிதம் எங்கே என்று கேட்ட அதிகாரியிடம், சபையின் உதவிக்குழுவில் வந்த மனோரமா ஆகிய நான், இந்த வீட்டின் பட்டாவை என் கவனக்குறைவால் என் கையாலேயே கொட்டி அழித்துவிட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பங்காரு சாட்சிக் கையெழுத்துப் போட்டார். அந்த அதிகாரி இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு, இது பட்டா ஆகாதும்மா என்றார். ஆனாலும் பைலில் வைத்துக்கொண்டார். பழைய பதிவேட்டில் தேடிப் பார்க்க முப்பது நாள் கொடுத்திருக்கிறார். அந்த ஊர்ப் பதிவேடு பாதி செல்லரித்துக் கிடக்கிறதாம். கிடைத்தால் வீடு நிற்கும். கிடைக்காவிட்டால் பொங்கல் முடிந்ததும் இடிப்பு. சுவரில் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனார்கள்.

அவர்கள் போன பிறகு கௌரியம்மாள், என்னா எழுதிக் குட்த்தேன்னு படி என்றாள். அவளுக்கு எழுத்து வராது. நகலை எடுத்துப் படித்தேன். முழுசும் கேட்டுவிட்டு, நல்லாத்தான் எழுதிக்கிற, வூட்ட இட்ச்சிட்டா இத்த விரிச்சிப் படுத்துக்கவா என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

என்ன தைரியத்தில் சொன்னேன் என்று தெரியாது, எங்க வூட்டுக்கு வந்துடுங்கக்கா என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். உன் வூட்டுக்காரரு ஒத்துப்பாரா என்று கேட்டாள். நான் ஒத்துப்பார் என்றேன். உங்களைக் கேட்காமல் சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல் எத்தனையோ செய்திருக்கிறேன், இதையும் அப்படித்தான் செய்தேன், ஆனால் சொல்லி முடித்த பிறகு எனக்கே பயமாகிவிட்டது. அவரு எப்ப வூட்டுக்கு வருவாரு என்று அடுத்த கேள்வி கேட்டாள். நீங்கள் இல்லத்தில் இருப்பதையும், ஏன் இருக்கிறீர்கள் என்பதையும், ஏப்ரல் மாதம் நான் செய்ததையும் சொன்னேன். யாரிடமும் சொல்லாததை அந்தச் சாக்கில் உட்கார்ந்து சொன்னேன். அவள் கடைசி வரை கேட்டாள். பிறகு, அவரயே கேட்டு எழுதி வாங்கியா, நீ சொல்றத நான் நம்பமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். நியாயம்தானே.

நாளையிலிருந்து தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் அவளோடு தாலுகா ஆபீசுக்குப் போகிறேன். முப்பது நாளில் ஒன்று போய்விட்டது. உங்கள் தண்டனைக் கணக்கும், அதாவது இல்லத்து நாட்களும், கிட்டத்தட்ட அப்போதுதான் முடிகிறது என்று வார்டன் சொன்னார். தண்டனை என்று எழுதிவிட்டேன், அடித்தால் அசிங்கமாக இருக்கும், விட்டுவிடுகிறேன். நான் கொடுத்ததுதானே.

ஏப்ரலில் உங்களை அப்படி நிறுத்தியதற்கு என்னை மன்னியுங்கள். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காக்கட்டும். இந்தக் கடிதத்துக்கு நீளமாகப் பதில் வேண்டாம். மன்னித்தேன் என்றுகூட எழுத வேண்டாம். ஒரு கார்டில், கௌரியம்மாளுக்கு, எங்கள் வீட்டுக்கு வாருங்கள் என்று உங்கள் கையால் எழுதி அனுப்புங்கள். எங்கள் என்கிற வார்த்தையை மட்டும் மறக்காமல் போடுங்கள். அவளுக்கு நான்தான் படித்துக்காட்ட வேண்டும்.

காத்திருக்கும்,
மனோரமா