கொடுத்து வைத்தவரின் மனைவி

ஜனவரி 17, சனி

கீர்த்தி வீடியோவில் வந்து இன்றும் அழுதாள். நான் இளைத்துவிட்டேனாம், வாசலைத் தாண்டுவதே இல்லையாம், குரல்கூட மாறிவிட்டதாம். மெல்போர்னில் உட்கார்ந்துகொண்டு என் மகள் போன் திரையில் என் எடையை அளக்கிறாள். எனக்காக ஒரு தெரபிஸ்டை வேறு ஏற்பாடு செய்திருக்கிறாள். அவளுடைய ஊரிலேயே இருக்கிற தமிழராம். சனிக்கிழமைதோறும் போனில் பேசுவாராம்.

அவருடைய விளம்பரப் பக்கத்தையும் அனுப்பினாள். பெயர் டேனியல். யாழ்ப்பாணத்தில் பிறந்து, பத்தொன்பது வயதில் அகதியாக ஆஸ்திரேலியா போய், அங்கே படித்தவர். ‘பண்பாட்டை உணர்ந்த உளச்சிகிச்சை’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. தெற்காசியர்கள் துக்கத்தை உடம்பில் காட்டுவார்கள் என்று ஒரு பத்தி. மற்ற நாட்டுக்காரர்கள் எதில் காட்டுவார்கள், குடையிலா? முப்பது வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். யாருக்கும் பண்பாடு பார்த்து ஊசி போட்டதில்லை.

சரி என்று சொல்லிவிட்டேன். அவள் அழுகையை நிறுத்த வேறு வழி தெரியவில்லை.

ஜனவரி 24, சனி

முதல் நாள்.

“சுகமா இருக்கிறியளோ அம்மா? அவசரமில்லை, ஆறுதலாக் கதைப்பம்” என்று ஆரம்பித்தார். பாதி எனக்குப் புரியவில்லை. என் பாஷை தெரிந்த ஆள் வேண்டும் என்று கீர்த்தி தேடிய லட்சணம் இது.

காஞ்சிபுரத்தைப் பற்றிப் படித்துவிட்டு வந்திருக்கிறார். வீட்டில் தறி ஓடுகிறதா என்றார். தெருவில் ஓடுகிறது, என் வீட்டில் வாஷிங் மெஷின்தான் ஓடுகிறது என்றேன். கணவரை இழந்தவள் என்று உறவுக்காரர்கள் ஒதுக்குகிறார்களா, பொட்டு வைக்க விடுகிறார்களா என்று மெதுவாக, முள் மேல் நடப்பது போல, கேட்டார். நான் பொட்டு வைத்துக்கொண்டுதான் பேசிக்கொண்டிருந்தேன். இவர் எந்தக் காலத்துத் தமிழ்நாட்டைப் படித்துவிட்டு வந்தாரோ.

ஜனவரி 31, சனி

இன்று பாதியிலேயே போனை வைத்துவிட்டேன்.

“உங்கட ஊர் கோயில் ஊர் எல்லோ. சாமி ஊர்வலத்தில போய்த்தான் அவருக்கு வருத்தம் வந்ததெண்டு மகள் சொன்னவா. அந்தப் பக்தி உங்களுக்கு இப்ப ஒரு பலமா இருக்கோ?” என்றார். வருத்தம் என்றால் அவர்கள் ஊரில் நோயாம்.

காசு வாங்கிக்கொண்டு அவர் சொல்வதை இந்த ஊர் எனக்கு இலவசமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

எழுதியே விடுகிறேன். போன பங்குனியில், ஏகாம்பரநாதர் கோயில் அறுபத்துமூவர் புறப்பாட்டில் என் வீட்டுக்காரர் வெறும் காலோடு போனார். பல வருடச் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி கிடையாது. உச்சி வெயிலில் தார் ரோடு சுட்டது அவருக்குத் தெரியவே இல்லை. கொப்புளம் வந்தது, உடைந்தது, புண்ணானது. மறைத்தார். யாரிடமிருந்து? ஊரில் இருக்கிற சர்க்கரைப் புண்ணுக்கெல்லாம் கட்டுப் போட்டவளிடமிருந்து. ராத்திரி சாக்ஸ் போட்டுக்கொண்டு படுத்தார். கேட்டால் ஏசி குளிர் என்றார். புண் வாடை வந்த பிறகு நானே சாக்ஸைக் கழற்றிப் பார்த்தேன். அப்போது விஷம் உடம்பெல்லாம் ஏறிவிட்டிருந்தது. சித்திரை முடிவதற்குள் போய்விட்டார்.

உடனே ஊர் கூடி ஒரு வார்த்தையைக் கண்டுபிடித்தது. “கொடுத்து வெச்சவரு. ஈஸ்வரன் சேவையிலயே போய்ட்டாரு.” காய்கறிக் கடையில் சொல்கிறார்கள், மருந்துக் கடையில் சொல்கிறார்கள், கியாஸ் சிலிண்டர் போடுகிறவன் சொல்கிறான். நான் தலையை ஆட்ட வேண்டும். அதனால்தான் வெளியே போவதில்லை. இதுக்குப் பேரு நோயா? எனக்கா நோய்?

பிப்ரவரி 3, செவ்வாய்

நான் என்ன பேசினேன் என்று கீர்த்தி டேனியலிடம் கேட்டாளாம். “அம்மாவைத்தான் கேக்கோணும்” என்று சொல்லிவிட்டாராம். ‘காசு கொடுக்கிறவள் நான், என்னிடமே சொல்லவில்லை’ என்று கீர்த்தி என்னிடம் புகார் செய்கிறாள்.

ம்.

பிப்ரவரி 7, சனி

எடுக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். எடுத்தேன்.

“போன கிழமை பிழை என்ர பக்கம். உங்களைக் கேக்காமலே, இப்பிடித்தான் இருக்கும் எண்டு நானே முடிவெடுத்திட்டன். என்ன நடந்தது எண்டு நீங்களே சொல்லுங்கோ அம்மா” என்றார்.

மேலே எழுதியதை அப்படியே சொன்னேன். எனக்கு வருத்தம் கிருத்தம் எதுவுமில்லை, கோபம்தான், அந்த ஆள் உயிரோடு வந்தால் கன்னத்தில் ஒன்று வைப்பேன் என்றேன். இனிமேல் ‘கோபத்தைக் கடந்து வாருங்கள்’ என்று ஆரம்பிப்பார், போனை வைத்துவிடலாம் என்று காத்திருந்தேன்.

அவர் அப்படி ஆரம்பிக்கவில்லை. “வேலையில இதெல்லாம் சொல்லுறேல்லை. ஆனா சொல்லுறன்” என்றார். அவருடைய அண்ணன் சண்டைக்குப் போய்ச் செத்தாராம். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும், வீரனைப் பெற்ற தாய் அழக் கூடாது என்று சொன்னார்களாம். அந்தம்மாவுக்கு அழ வேண்டும்போலக்கூட இல்லையாம், சொல்லாமல் போன பிள்ளையைத் திட்ட வேண்டும்போல இருந்ததாம். “திட்ட ஒருத்தரும் விடேல்லை. கடைசி வரைக்கும் சமைக்கேக்க சட்டி பானையைத் தூக்கி எறிவா.”

இந்த ஒன்றை அவர் விளம்பரத்தில் போட்டிருந்தால் முதல் நாளே ஒழுங்காகப் பேசியிருப்பேன்.

பிப்ரவரி 14, சனி

ஒரு மணி நேரமும் அவரைத் திட்டினேன். டேனியலை அல்ல, என் வீட்டுக்காரரை.

பிப்ரவரி 19, வியாழன்

உற்சவக் குழுவின் கலியாணசுந்தரம் வந்தார். என் வீட்டுக்காரரின் சிநேகிதர். நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே பேச்சை ஆரம்பித்துவிட்டார்.

“இந்த வருசம் கோயில் வாசல்ல பெரிய பேனர் வெக்கறோம்மா. நடுவுல அண்ணன் போட்டோ. ‘அறுபத்துமூவர் பணியில் அமரரான அடியார் வேலாயுதம்’னு போடறோம். நீங்க மேடைக்கு வந்து ஒரு பொன்னாடை வாங்கிக்கினா போதும்.”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். எதற்கு அப்படிச் சொன்னேன்? யோசிக்க என்ன இருக்கிறது? அவர் போன பிறகு பாத்திரம் கழுவுகிறேன் என்று ஒரு டம்ளரை நசுக்கி வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 21, சனி

பேனர் விஷயத்தைச் சொல்லி, உங்கள் பண்பாட்டுப் படிப்பில் இதற்கு என்ன பதில் போட்டிருக்கிறது என்று டேனியலைக் கேட்டேன். சிரித்தார். “படிப்பில ஒண்டும் இல்லை. அந்த மனுசனிட்ட என்ன சொல்ல விரும்புறியள்? முதல்ல என்னட்ட ஒருக்காச் சொல்லிப் பாருங்கோ.”

சொன்னேன். இரண்டாம் முறை சொல்லும்போது சத்தம் மாடிக்குக் கேட்டிருக்கும்.

பிப்ரவரி 22, ஞாயிறு

கலியாணசுந்தரத்தை வரச் சொல்லி, பேனரும் வேண்டாம் பொன்னாடையும் வேண்டாம் என்றேன்.

“ஊரு தப்பா பேசும்மா.”

“பேசட்டும்பா.”

“அண்ணன் ஆத்மா என்னம்மா நினைக்கும்?”

“அந்த ஆத்மாவுக்கு நான் வேளா வேளைக்கு எடுத்து வெச்ச மாத்திரை, டப்பாவுல அப்படியே கெடக்குது. வேணும்னா அத போட்டோ எடுத்து பேனர்ல போடுங்க. நாலு பேரு பாத்து பொழைக்கட்டும்.”

மனிதர் காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார். எனக்குப் பசித்தது. நேற்றைய குழம்பை ஊற்றிக்கொண்டு நிறையச் சாப்பிட்டேன்.

மார்ச் 28, சனி

அறுபத்துமூவர் புறப்பாடு. மேளச் சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது. நான் போகவில்லை. பேனரில் அவர் படம் இல்லை என்று மாடி வீட்டுப் பெண் வந்து சொன்னாள்.

என்ன வெயில். போன வருடம் கிளம்பும்போது, வந்ததும் மோர் வேண்டும், இஞ்சி தட்டிப் போடு என்று சொல்லிவிட்டுப் போனார். போட்டு வைத்திருந்தேன். வந்து இரண்டு டம்ளர் குடித்தார். கால் எரியுது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எரிந்தால்தானே சொல்வார்.

சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். டேனியல் கூப்பிட்டபோது பேச முடியவில்லை. அவரும் பேசவில்லை, வைக்கவும் இல்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

சாயங்காலம் பூக்கடைவரைக்கும் நடந்து போனேன். பூ கட்டுகிற மஹாலட்சுமி என்னைப் பார்த்ததுமே முகத்தைப் பக்தியாக்கிக்கொண்டாள்.

“கொடுத்து வெச்சவரு அக்கா உங்க வீட்டுக்காரரு. சாமி பின்னாலயே நடந்து...”

“இல்லம்மா. மாத்திரை போடாம, புண்ண மறைச்சிக்கினு செத்தாரு.”

கடைக்கு வந்திருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். மஹாலட்சுமி கட்டிக்கொண்டிருந்த சரத்தை மடியில் வைத்தாள். அவர்கள் பூ வாங்கிக்கொண்டு போகும்வரை காத்திருந்தாள். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள்:

“எங்க வீட்டு ஆளும் அப்படித்தான்கா. கட்டை விரல் கறுப்பா இருக்குது. என்னான்னு கேட்டா கத்தறாரு.”

எந்தக் கால், எப்போதிலிருந்து, நீர் வடிகிறதா, காய்ச்சல் அடிக்கிறதா என்றெல்லாம் கேட்டேன். அவள் பதில் எதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. நாளைக் காலையில் முதல் வேலையாக அவரை என் வீட்டுக்கு அழைத்து வா, பார்த்துவிட்டு நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன் என்றேன். வர மாட்டார், ரொம்பப் பிடிவாதம் என்றாள். வராவிட்டால் நான் உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பேன் என்றேன். பூவுக்குக் காசு வாங்க மறந்துவிட்டாள், கொடுக்க நானும் மறந்துவிட்டேன்.

கையுறை, பஞ்சு, கட்டுத்துணி எல்லாம் எடுத்து வைத்தாகிவிட்டது. வரட்டும் அந்த ஆள். திட்டுவதற்கு என்னிடம் நிறைய மிச்சம் இருக்கிறது.