தலைகீழாக எடுத்த ஆமை

மரியாதைக்குரிய கொக்கு அவர்களுக்கு,

உங்கள் வீட்டுக்காரி வெளியூர் விடுதி அறையில் ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதுவது. நான் நலம். கால் மட்டும் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. நீங்கள் நலமா என்று கேட்கப்போவதில்லை. கேட்டால் "ம்" என்பீர்கள். போனில் அந்த ஒரே எழுத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குப் புளித்துவிட்டது. பேச்சு குழறுகிறது என்று வெட்கப்பட்டு வாயைத் திறக்க மாட்டேன் என்கிறீர்கள். அதனால்தான் கடிதம். இதற்கு நீங்கள் "ம்" கொட்டினாலும் எனக்குக் கேட்காது பாருங்கள்.

உங்கள் தங்கை எப்படி இருக்கிறாள்? உங்களுக்கு ஊட்டிவிடுகிறாளாமே! அண்ணி வந்தால் அந்த ஸ்பூனைப் பிடுங்கித் தெருவில் எறிவாள் என்று அவளிடம் சொல்லிவையுங்கள். பக்கவாதம் வந்து விழுந்தது வலது கைதான். இடது கை நன்றாகத்தானே இருக்கிறது? எழுந்து நடக்கலாம் என்று டாக்டரும் சொல்லியாகிவிட்டது. பயிற்சி கொடுக்க வரும் அம்மா வந்து நிற்பாராம், நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வீர்களாம், அவர் கிளம்பிப் போய்விடுவாராம். எல்லாம் என் காதுக்கு வந்தது. படமெடுக்கும்போது அசையாமல் நிற்பதைப் பார்த்துத்தான் உங்களுக்குக் கொக்கு என்று பேர் வைத்தேன். கட்டிலில் அசையாமல் கிடப்பதற்கு அந்தப் பேரைத் தர மாட்டேன். சரி, சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். முதலில் இன்றைய கதையைக் கேளுங்கள்.

விடிந்ததும் ஏரிப் பூங்காவுக்குப் போனேன். இத்தனை வருஷமும் பார்ப்பது என் வேலை, எடுப்பது உங்கள் வேலை. பூங்கா உயிர்கள் பற்றிய நம் படப் புத்தகத்தை அரைகுறையாக விட மனசில்லாமல், மீதமுள்ள பூங்காக்களை நானே எடுக்கிறேன் என்று வீறாப்பாகக் கிளம்பி வந்துவிட்டேனே தவிர, வாசலில் கேமராப் பையைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றேன். போதாக்குறைக்குக் காவலாளி வேறு வழிமறித்தார். கேமராவை முக்காலியில் வைத்து எடுத்தால் அனுமதி வேண்டுமாம், கையில் வைத்து எடுத்தால் வேண்டாமாம். அப்படியானால் முக்காலியில் ஒரு காலை மட்டும் நீட்டி வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். மனிதர் நிஜமாகவே யோசிக்க ஆரம்பித்துவிட்டார். அவர் யோசித்து முடிப்பதற்குள் நான் உள்ளே போய்விட்டேன்.

ஏரிக்கரையில் நடைக்கு வந்தவர்கள் நாலைந்து பேர் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் போய் நின்றேன். தாழ்ந்த கிளையில் ஒரு மீன்கொத்தி வந்து உட்கார்ந்தது. பார்த்த மாத்திரத்தில் என் கை என்ன செய்தது தெரியுமா? பக்கத்தில் நின்றவரின் இடது தோளில் இரண்டு தட்டு தட்டியது. இடது தோள் என்றால் இடப்பக்கம், இரண்டு தட்டு என்றால் தாழ்வாக. நம் கணக்கு கைக்குள் அப்படியே ஊறிக் கிடக்கிறது. முன்பின் தெரியாத ஆம்பிளையின் தோள்! அவர் துள்ளித் திரும்ப, மீன்கொத்தி பறந்தே போய்விட்டது. எனக்கு மானம் போயிற்று. விஷயத்தைத் திக்கித் திணறிச் சொன்னேன். அவர் முடிவெட்டுகிறவராம். விழுந்து விழுந்து சிரித்தார். நானும் அப்படித்தான், வீட்டில் பேசிக்கொண்டிருக்கும்போதே மனைவியின் தலையைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பிவிடுவேன், வாங்கிக் கட்டிக்கொள்வேன் என்றார். நானும் சிரித்தேன். அவர் போன பிறகு பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, நன்றாகவே அழுதேன்.

அழுது மூக்கைச் சிந்தியதும் புத்தி வந்தது. நான் எதற்கு உங்கள் வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும்? உங்களால் ஒற்றைக் கையால், அதுவும் இடது கையால், படமெடுக்க முடியுமா முடியாதா? இதை உங்களிடம் கேட்டால் பதில் வராது. நானே பார்த்துவிடுவது என்று எழுந்தேன்.

இந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு சின்னப் பூங்கா இருக்கிறது. ஒரு குளம், நாலு மரம், எண்ண முடியாத அணில்கள். அங்கே போய் என் வலது கையைத் துப்பட்டாவால் கழுத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். இடது கையால் கேமராவைத் தூக்கினால், பட்டன் இருப்பது வலப்பக்கம். எக்கி அழுத்தினால் லென்ஸ் வானத்தைப் பார்க்கிறது. அணில்கள் என்னை வைத்து விளையாடின. கிடைத்ததெல்லாம் வால், வால், வெறும் கிளை. சாப்பிட வந்த நர்ஸ் ஒருத்தி கட்டைப் பார்த்துவிட்டு, கைக்கு என்னாச்சும்மா என்று பதறினாள். கைக்கு ஒன்றுமில்லை, வீட்டுக்காரருக்குத்தான் என்றேன். இந்த அம்மாவை எந்த வார்டிலிருந்து விட்டார்கள் என்பது போலப் பார்த்தாள். ஆனாலும் எழுந்து போகவில்லை, வேடிக்கை பார்த்துக்கொண்டே ரொட்டியைத் தின்றாள்.

கேமரா ஒருமுறை கைநழுவியது. ஐயோ என்று மடியில் வைத்து அமுக்கிப் பிடித்தேன். பிடித்த பிடியில் அது தலைகீழாக இருந்தது. பார்க்கிறேன், பட்டன் என் இடது கைச் சுண்டுவிரலுக்கு அடியில் வந்து உட்கார்ந்திருக்கிறது! இத்தனை நேரம் இது தோன்றவில்லையே என்று தலையில் அடித்துக்கொள்ளலாம் என்றால், ஒரு கை கட்டிக் கிடக்கிறது, இன்னொன்றில் கேமரா. லென்ஸைப் பெஞ்சின் முதுகில் சாய்த்தேன். குளத்தில் கிடந்த கட்டைமேல் ஆமை ஒன்று வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அது ஒன்றுதான் என்மேல் இரக்கப்பட்டு நகராமல் இருந்தது. எடுத்தேன். எடுத்துக்கொண்டே இருந்தேன். சுண்டுவிரல் மரத்துப்போகும்வரை விடவில்லை. நர்ஸ் கைதட்டினாள்.

படம் தலைகீழாக வந்தால் என்ன குடி முழுகிவிடும்? திருப்பிப் பார்த்தால் தீர்ந்தது. ஸ்டூடியோவில் கொடுத்துப் பிரதி போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். தண்ணீர்மட்டம் சாய்ந்திருக்கிறது, தெரியும், நொட்டை சொல்ல வேண்டாம். ஆமையின் கண்ணைப் பாருங்கள். எவ்வளவு துல்லியம்! படமெடுக்கத் தெரியாத நானே இப்படி எடுத்தால், நீங்கள் எப்படி எடுப்பீர்கள்?

இந்தச் சந்தோஷத்தோடு சாயங்காலம் பதிப்பாளருக்குப் போன் செய்தேன். அவர் தயங்கித் தயங்கி ஒரு சேதி சொன்னார். புத்தகத்திலிருந்து உங்கள் பேரை எடுத்துவிட்டு என் பேரை மட்டும் போடும்படி, தங்கையை விட்டுச் சொல்லச் சொன்னீர்களாமே. அடேயப்பா, என்ன தாராளம்! யாரைக் கேட்டுச் செய்தீர்கள்? எனக்கு வந்த கோபத்தில் அந்த நல்ல மனிதரைத்தான் காய்ச்சி எடுத்துவிட்டேன். இரண்டு பேரும் இருந்தால் புத்தகம், இல்லாவிட்டால் புத்தகமே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நம் தெருக்கோடிப் பூங்காவின் ஆந்தைதான் கடைசிப் படம். அதை நான் தொடமாட்டேன். நீங்கள்தான் எடுக்க வேண்டும். மழைக்காலம் முடியும்வரை பொறுத்துக்கொள்கிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். அப்புறமும் நீங்கள் அசையவில்லை என்றால் அந்தப் பக்கம் வெறுமையாகவே அச்சாகும், கீழே உங்கள் பேரோடு. ஊர் சிரிக்கட்டும். நீங்கள் கொடாக்கண்டன் என்றால் நான் விடாக்கண்டி.

இவ்வளவு வாய் பேசுகிறேனே, எனக்குப் பயமாக இருக்கிறதுங்க. வியாதியைக் கண்டு இல்லை. அதைப் பார்த்துக்கொள்ளலாம். நீங்கள் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு இருந்துவிடுவீர்களோ என்றுதான் பயம். கை போனதற்கு நான் உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். நீங்களே போய்விட்டால் நான் யாரோடு சண்டை போடுவது?

சனிக்கிழமை மாலை வந்துவிடுவேன். அந்த நேரத்துக்குக் கடைக்குப் போய்விடும்படி தங்கையிடம் சொல்லிவிட்டேன், வீட்டில் நீங்கள் மட்டும்தான் இருப்பீர்கள். நான் மணி அடிப்பேன். சாவி என் பையில் இருக்கும். எடுக்க மாட்டேன். சுவரைப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்து உட்கார்ந்து, எப்படி முடியுமோ அப்படி வாருங்கள். அவசரமே இல்லை. இருட்டினாலும் சரி, அக்கம்பக்கத்தார் என்னவென்று வந்து கேட்டாலும் சரி, என் வீட்டுக்காரர் வந்துகொண்டிருக்கிறார் என்று சொல்லிக்கொண்டு வாசலிலேயே நிற்பேன்.

நீங்கள் நூறு வயசு இருக்க வேண்டும்.

கதவு திறக்கும்வரை நகரப்போகாத
உங்கள் மனைவி