நாலாகக் கீறிய ரொட்டி

காமயகவுண்டன்பட்டி,
மார்ச் 18, புதன்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு,

நாகஜோதி எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்றுதான் தொடங்க வேண்டும். நான் நலமாக இல்லை. நீங்கள் நலம் என்பது தெரியும். சனிக்கிழமை போனில் உங்கள் குரல் நன்றாகத்தான் இருந்தது. ஆகையால் இரண்டையும் விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

வாட்ஸ்அப் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நான் சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேசினால் அங்கே சிக்னல் போய்விடுகிறது. அத்தை பேசும்போது மட்டும் அயர்லாந்து முழுக்க சிக்னல் நிற்கிறது. மெசேஜ் அனுப்பினால் நீல டிக் விழுகிறது, பதில் வருவதில்லை. கடிதத்தை நடுவில் கட் பண்ண முடியாது. கிழித்துப் போடலாம். அதற்கும் முதலில் பிரிக்க வேண்டும் அல்லவா?

அந்த ரொட்டியை நானாக ஆசைப்பட்டுச் செய்யவில்லை. பொங்கல் கழித்து நீங்கள்தான் நாலு நிமிஷத்துக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டீர்கள். நீங்கள் குடியிருக்கிற வீட்டுக்கார அம்மா சனிக்கிழமைதோறும் சுடுகிற ரொட்டி; ஈஸ்ட் வேண்டாம், முட்டை வேண்டாம்; கோதுமை மாவு, கொஞ்சம் மைதா, ஆப்பசோடா, உப்பு, புளித்த மோர், அவ்வளவுதான்; மேலே கத்தியால் நாலாகக் கீறிவிட வேண்டும்; வைகாசியில் லீவுக்கு வரும்போது காலையில் எனக்கு அதுதான் வேண்டும் என்றீர்கள். புருஷன் வாய்விட்டு ஒன்று கேட்டாரே என்று தலைகால் புரியாமல் இறங்கினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

முதல் ரொட்டிக்குப் பரோட்டா மாவுபோல இருபது நிமிஷம் அடித்துப் பிசைந்து, ஈரத்துணி போட்டு ஒரு மணி நேரம் ஊறவைத்தேன். மாவென்றால் ஊற வேண்டும் என்பதுதானே நமக்குத் தெரியும். மோர் பட்டதும் சோடா பொங்கி, கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும் என்று யார் கண்டது? குக்கரில் கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, அடியில் உப்பைப் பரப்பி, மேலே தட்டு வைத்து வேகவைத்து எடுத்தால் அம்மிக் குழவி மாதிரி வந்தது. தவிட்டோடு ஊறப்போட்டு மாட்டுக்கு வைத்தேன். இரண்டாவது நடுவில் வேகவே இல்லை. மூன்றாவதில்தான் பக்குவம் பிடிபட்டது. மோரை ஊற்றி, பிசையாமல் ஒன்றுகூட்டி, உருட்டி, கத்தியால் மேலே குறுக்கும் நெடுக்குமாக ஆழக் கீறி, உடனே சூடான குக்கருக்குள் இறக்கிவிட வேண்டும். வெந்தபின் அடியில் தட்டிப் பார்த்தால் முற்றிய தேங்காய்போலச் சத்தம் வந்தது. உங்கள் மகள் யுவராணி வெண்ணெய் தடவிக் கால்வாசியைத் தின்றுவிட்டாள். அத்தை அன்று தேனிக்குக் கண் டாக்டரைப் பார்க்கப் போயிருந்தார்கள்.

போன சனிக்கிழமை நாலாவது ரொட்டி. ஆறட்டும் என்று முறத்தில் வைத்து மூடிவிட்டுத் தோட்டத்துக்குப் போனேன். திரும்பி வந்தால் அடுப்படியில் அத்தை நிற்கிறார்கள். ரொட்டி நடுவே அந்தக் கீறல் நன்றாக வெடித்து விரிந்திருக்கிறது. என்னைப் பார்த்து, ஏத்தா, இது என்னாத்தா சிலுவை, எப்ப மதம் மாறுன என்று கேட்டார்கள். முதலில் சிரித்துவிட்டேன். அதுதான் நான் செய்த தப்பு. சிரித்தவளை யார் நம்புவார்கள்?

கீறாவிட்டால் நடுவில் வேகாது அத்தை, உங்கள் மகன்தான் சொன்னார் என்றேன். எண்ணெய்க் கத்திரிக்காய்க்குக் காம்பு போகாமல் நாலாகக் கீறுகிறோமே, அதிலும் இதே சிலுவைதானே இருக்கிறது என்றும் கேட்டுப் பார்த்தேன். வாயாடுறியா என்றார்கள். என்னோடு கல்லூரியில் படித்தவர்களில் பாதிப் பேர் சர்ச்சுக்குப் போகிறவர்கள். அது அவரவர் மனசு, அதில் குற்றம் சொல்ல நான் யார்? ஆனால் நான் மாறவில்லை. செய்யாததைச் செய்தாய் என்று ஒருவர் சொல்லும்போது, அதுவும் என் அப்பாவோடு கூடப் பிறந்த சொந்த அத்தையே சொல்லும்போது, வயிறு எரியாதா?

அதோடு விட்டார்களா? ரொட்டியை முறத்தோடு எடுத்துக்கொண்டு கோயில் கமிட்டித் தலைவர் சுந்தர்ராஜ் அண்ணன் வீட்டுக்கே போய்விட்டார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு என்னையும் கூப்பிட்டு, உங்கள் பங்காளிகள் எட்டுப் பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நடுவில் ஸ்டூலில் என் ரொட்டியை வைத்து, ஏதோ மலைப்பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். அண்ணனுடைய மனைவி பவானி மட்டும் ஓரத்தில் பிய்த்து வாயில் போட்டுவிட்டு, உப்பு ஒரு கல்லு கம்மி என்றார். அந்தக் கூட்டத்தில் உருப்படியாக ஒரு விஷயம் பேசியது அவர் ஒருவர்தான்.

பிறகு உங்களுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்கள். அண்ணன் கேட்டது உங்களுக்கு நினைவிருக்கும். ஏப்பா விஜய்பாண்டி, ஒம் பொண்டாட்டி ரொட்டியில சிலுவை போட்டுருக்கா, நீதான் சொன்னேங்கிறா, நெசந்தானா என்று கேட்டார். நீங்களோ, எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே, யூட்யூப்ல எதையாச்சும் பாத்து அவளாச் செஞ்சிருப்பா என்றீர்கள். டூட்டிக்கு நேரமாச்சு என்று வைத்துவிட்டீர்கள். அன்று சனிக்கிழமை மாமா. உங்களுக்கு டூட்டி கிடையாது. உங்கள் பின்னால் அந்த வீட்டுக்கார அம்மா பாத்திரம் உருட்டுகிற சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. ரொட்டிக்குத்தான் மாவு கூட்டிக்கொண்டிருந்திருப்பார்.

வெட்கமாக இல்லையா? பெற்ற தாய்க்கு முன்னால் நல்ல பிள்ளையாக இருக்கக் கட்டியவளைப் பொய்க்காரி ஆக்கலாமா? அத்தைமேல் எனக்கு இருக்கிற கோபம் பத்து நாளில் தணியும். அவர்கள் கண்ணால் கண்டதை நம்பினார்கள். நீங்கள் தெரிந்தே சொன்னீர்கள்.

உங்கள் வாய்ஸ் மெசேஜ் என் போனில் அப்படியே இருக்கிறது. போன் என் கையில்தான் இருந்தது. ஒரு தடவை அமுக்கியிருந்தால் எட்டுப் பேரும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு எழுந்து போயிருப்பார்கள். ஏன் அமுக்கவில்லை தெரியுமா? அதன் கடைசியில் என்ன சொல்லியிருக்கிறீர்கள் என்று நீங்களே போட்டுக் கேளுங்கள். ஆத்தா வைக்கிற கொழம்ப நெனச்சாலே இப்பல்லாம் நெஞ்சு கரிக்குது, லீவு பூராவும் நீயே ஆக்கு, ஆத்தா அடுப்படிப் பக்கமே வரவேணாம் என்கிறீர்கள். ஆபரேஷன் செய்த கண்ணை வைத்துக்கொண்டு அத்தை உங்களுக்காக வெயிலில் உட்கார்ந்து வத்தல் போடுகிறார்கள். என்னை அவமானப்படுத்தியவர்கள்தான். ஆனாலும் எட்டு ஆம்பிளைகள் நடுவில் அதைக் கேட்டு அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. உங்கள் அம்மாவை உங்களிடமிருந்து நான் காப்பாற்றிக்கொண்டு நிற்கிறேன். நல்ல கூத்து.

வழக்கமாகக் கேட்பீர்களே, அதையும் சொல்லிவிடுகிறேன். திராட்சை கொத்து விட்டிருக்கிறது. மேகத்தைப் பார்த்தால்தான் பயமாக இருக்கிறது. மழை இறங்கினால் பழம் வெடித்துவிடும். மோட்டார் சரியாகிவிட்டது. செவலைப் பசு சினை. கோம்பையில் அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை. அவரிடம் இது எதையும் சொல்லவில்லை. சொன்னால் தங்கை என்று பார்க்காமல் அத்தையிடம் சண்டைக்கு வந்துவிடுவார். அப்புறம் இரண்டு குடும்பமும் பேச்சுவார்த்தை இல்லாமல் போய்விடும்.

கமிட்டியில் என்ன முடிவு செய்தார்கள் என்று நீங்கள் கேட்கக்கூட இல்லை. சித்திரைப் பொங்கலுக்கு நான் முளைப்பாரி எடுக்கக் கூடாதாம். எதுக்கும் இந்த வருசம் வேணாம்மா என்று அண்ணன் தன்மையாகத்தான் சொன்னார். நீங்கள் பனியில் வழுக்கி விழுந்து ஒன்றரை மாதம் காலில் மாவுக்கட்டோடு கிடந்தபோது, மூன்று வருஷம் முளைப்பாரி எடுக்கிறேன் என்று அம்மனுக்கு வேண்டிக்கொண்டவள் நான். ஒரு வருஷம் எடுத்துவிட்டேன். நேர்த்திக்கடன் என்னுடையது, கால் உங்களுடையது. அதைக்கூட நீங்கள் யோசிக்கவில்லை.

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். திங்கட்கிழமை காலையில் நடந்ததை என்னால் பொறுக்க முடியவில்லை. யுவராணிக்குத் தோசை ஊற்றித் தட்டை நீட்டினேன். அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். என்னடி என்றேன். ஒங்கையால சாப்புட்டா சாமி கோவிச்சுக்கும்னு அப்பத்தா சொன்னாக, நா அவுககிட்டயே வாங்கிக்கிறேம்மா, நீ அழுகாத என்கிறாள். அஞ்சு வயசுப் பிள்ளை எனக்குச் சமாதானம் சொல்கிறது. நான் தட்டை அத்தை கையில் கொடுத்தேன். அத்தை ஊட்டினார்கள். அவள் சாப்பிட்டாள். அதே தோசைதான். நேற்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான். ஒரே வீட்டில் அத்தையும் நானும் இப்போது தனித்தனியாக உலை வைக்கிறோம்.

சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தக் கடிதம் வந்துசேரப் பதினைந்து நாள் ஆகும் என்று போஸ்ட் ஆபீசில் சொன்னார்கள். முளைப்பாரிக்கு விதை போடுவது ஏப்ரல் பத்தொன்பதாம் தேதி. அதற்குள் நீங்கள் அண்ணனுக்குப் போன் போட்டு, அதே எட்டுப் பேரையும் அத்தையையும் உட்காரவைத்து, நான்தான் செய்யச் சொன்னேன், நான்தான் கீறச் சொன்னேன், அன்றைக்குப் பொய் சொன்னேன் என்று உங்கள் வாயால் சொல்ல வேண்டும். குழம்பைப் பற்றி எதுவும் சொல்ல வேண்டாம். அது நம் இருவரோடு போகட்டும்.

சொல்லாவிட்டால் அந்த மெசேஜை அழித்துவிட்டு, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கோம்பைக்குப் போய்விடுவேன். அதைப் போட்டுக் காட்டி ஜெயிக்க மாட்டேன். கட்டிய புருஷன் உயிரோடு இருக்கும்போது போனைச் சாட்சிக்குக் கூப்பிடுகிற நிலைமை எனக்கு வேண்டாம்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். எவ்வளவு கோபம் இருந்தாலும் தினமும் உங்கள் பேரைச் சொல்லித்தான் விளக்கேற்றுகிறேன், அம்மன் உங்களைக் குறையில்லாமல் வைத்திருக்கட்டும். என் பிள்ளை என் கையால் ஒரு வாய் வாங்கித் தின்ன வேண்டும் மாமா. எனக்கு வேறு எதுவும் வேண்டாம். சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
நாகஜோதி