தன் தொழிலைத் தான் கதைக்கக் கூடாது

மச்சான்,

இன்று காலை மருதமுனையின் வயல் பக்கத் தெருவுக்கு வேனைத் திருப்பியதும் அவித்த நெல்லின் மணம் வந்து முகத்தில் அடித்தது. நீ மௌத்தாகி மண்ணுக்குள் போன பிறகு அந்தத் தெருவில் போகும்போதெல்லாம் கண்ணாடியை ஏற்றிவிட்டுத்தான் போவேன். இன்று இறக்கிவிட்டேன். இந்த மணம் இன்றோடு நின்றுவிடுமோ என்று பயமாக இருந்தது. உன் நெல் ஆலையை மூடுவதா, விடுவதா என்று முடிவெடுக்க அம்பாறை மாவட்டக் கச்சேரியில் அரசாங்க உத்தியோகத்தருக்கு முன்னால் இன்றைக்கு விசாரணை. உன் மகளை ஏற்றிக்கொண்டு போகத்தான் வந்திருந்தேன்.

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். நீ இருக்கும்போதே அதைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறாய். அடுப்பில் உமி எரிகிறது, புகைபோக்கியால் சாம்பல் போகிறது. மற்றக் காலங்களில் அது வயலுக்குள் விழுந்துவிடும். கச்சான் காற்று தொடங்கினால் மேற்கிலிருந்து நேரே ஊருக்குள் அள்ளிக்கொண்டு வரும். இந்த வருடம் கச்சான் கடுமை. அயல் வீட்டுக்காரர்கள் சேர்ந்து முறைப்பாடு கொடுத்துவிட்டார்கள். அவர்களுக்கு முன்னால் நின்றவர் நம் வர்த்தக சங்கத்து நெசவுக்காரர், எல்லாரும் அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிடுகிறவர். அவருடைய கொட்டிலில் சாயம் தோய்த்துக் காயப்போட்ட நூலெல்லாம் கறுப்புப் புள்ளி புள்ளியாகப் போயிற்று.

உன் மகள் வேனில் ஏறி உட்கார்ந்தாள். கல்முனைச் சந்தி தாண்டியதும் கேட்டாள்.

"மாமா, இண்டைக்கும் நம்மட மில்லுக்கு ராத்தாதானா கதைக்கிற?"

"ராத்தாதான்."

"அவதானே மாமா முறைப்பாடு குடுத்த?"

"ஓம்."

பிள்ளை முந்தானையை இழுத்து முகத்தை ஓரமாக மறைத்துக்கொண்டாள். எனக்கு உன்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. சங்கத்தில் இந்தச் சட்டத்தைப் போட்டவன் நீ. போட்டுவிட்டு நீ நிம்மதியாகப் போய்ப் படுத்துக்கொண்டாய். இடையில் கிடந்து முழிக்கிறவன் நான்.

அந்தத் திருகோணமலைப் பயணம் நினைவிருக்கிறதா? மாகாணம் முழுவதற்குமாக வர்த்தக, கைத்தொழில் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கி, மின்சாரப் பிரச்சினைக்காக முதன்முதலில் ஒரு பெரிய உத்தியோகத்தரைப் பார்க்கப் போனோமே. மட்டக்களப்பிலிருந்து தச்சுப் பட்டறைக்காரர், காரைதீவிலிருந்து பேக்கரிக்காரர், நாவிதன்வெளியிலிருந்து பால் சேர்க்கிறவர், பொத்துவிலிலிருந்து ஹோட்டல்காரர் என்று ஒரு பஸ் நிறைய ஆட்கள். உள்ளே போனதும் எல்லாரும் ஒரே நேரத்தில் தொடங்கினோம். கரண்ட் போனால் மாவு புளிக்கிறது என்கிறார் ஒருவர், பால் திரைகிறது என்கிறார் இன்னொருவர். எல்லாருக்கும் மேலே என் சத்தம். என் ஐஸ் ஆலை ஓடாமல் சாய்ந்தமருதுக் கடற்கரையில் மீன் நாறுகிறது என்று மேசையில் தட்டியே விட்டேன். அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டார். பிறகு பேனையை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "நீங்க முதல்ல உங்களுக்குள்ள கதைச்சிட்டு வாங்க" என்றார். பஸ் நிறையப் போனவர்கள் கையை வீசிக்கொண்டு வந்து சேர்ந்தோம்.

வாழைச்சேனைக்கு இந்தப் பக்கம் ஒரு தேத்தண்ணிக் கடையில் பஸ்ஸை நிறுத்தினார்கள். நான் அந்த உத்தியோகத்தரை வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டிருந்தேன். நீ பிளேன்டியை ஊதி ஊதிக் குடித்தாய். உனக்கு எதிலும் அவசரமே கிடையாது. வீடு பற்றி எரிந்தாலும் வாளியைக் கழுவிவிட்டுத்தான் தண்ணீர் அள்ளுவாய் என்று உன் மனைவியே சொல்லியிருக்கிறார். குடித்து முடித்த பிறகு சொன்னாய்:

"அவரில பிழை இல்ல மச்சான். நாம எல்லாரும் நம்மட வயித்துக்கு மட்டும்தானே கதைச்ச. இனி ஒருத்தரும் தன்ட தொழிலக் கதைக்கக் கூடாது. மத்தவண்டத்தான் கதைக்கணும்."

மற்ற எல்லாரும் சிரித்தோம். நீ சிரிக்கவில்லை. அடுத்த கூட்டத்துக்கு ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தாய். ஒவ்வொரு தொழிலின் பெயரையும் துண்டுக் கடதாசியில் எழுதி மடித்துப் போட்டிருந்தாய். யார் கையில் எந்தத் தொழில் வருகிறதோ, அந்த வருடம் முழுவதும் அவர் அதற்காகத்தான் வாய் திறக்க வேண்டும். சும்மாவும் கதைக்க ஏலாது. முதலில் அந்தத் தொழில் நடக்கும் இடத்துக்குப் போய் ஒரு பகல் முழுவதும் நிற்க வேண்டும். எனக்குப் பேக்கரி வந்தது. உனக்கு ஐஸ் வந்தது.

குளிரில் பழகிய நான் காரைதீவுப் பேக்கரியில் போறணை அடுப்புக்கு முன்னால் நின்று வெந்ததைப் பார்த்து அங்கே பாண் வாங்க வந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். நீ என் ஐஸ் ஆலைக்குச் சாரன் உடுத்தபடியே வந்தாய். செருப்பு வழுக்குகிறது என்று கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஐஸ் கட்டிகளுக்கு நடுவே நின்றாய். பல்லுக்குப் பல் அடித்தது. போர்த்திக்கொள்ளச் சாக்கு ஒன்று தந்தேன், வேண்டாம் என்றாய். என் ஆட்களிடம் ஏதேதோ கேட்டாய். மதியம் பக்கத்துப் பள்ளிவாசலில் லுஹர் தொழுதுவிட்டு வந்து, மறுபடியும் நின்றாய். எவ்வளவு அக்கறையான ஆள் என்று வீட்டுக்குப் போய்ப் பெருமையாகச் சொன்னேன்.

அந்தப் பெருமை அடுத்த திருகோணமலைப் பயணம் வரைக்கும்தான். அதே உத்தியோகத்தருக்கு முன்னால் நீ எழுந்து ஐஸுக்காகக் கதைக்கத் தொடங்கினாய். முதல் வசனமே, "சேர், இவங்கட ஐஸ் அரைக்கிற மெஷின் சத்தத்துல பக்கத்துப் பள்ளியில ஓதுறது விளங்காது. நான் போய் நிண்டு தொழுது பார்த்த" என்றாய். அதற்குப் பிறகு நீ சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. வோல்டேஜ் குறைந்தால் ஐஸ் எப்படி உள்ளே வெள்ளையாகப் பொருக்கு விடுகிறது, அந்த ஐஸோடு கடலுக்குப் போகிறவன் எவ்வளவு மீனை வீசிவிட்டு வருகிறான் என்றெல்லாம் நீ சொன்னதாகப் பிறகு மற்றவர்கள்தான் சொன்னார்கள். அந்த மனிதர் இந்த முறை பேனையை மூடவில்லை. கடற்கரைப் பக்கத்துக்குத் தனி ட்ரான்ஸ்போமர் வந்தது.

வந்தும் எனக்குக் கோபம் ஆறவில்லை. "நாலு பேருக்கு முன்னால மானத்த வாங்கிட்டியே" என்று உன் ஆலைக்கே வந்து சண்டை பிடித்தேன். நீ களத்தில் நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்தாய்.

"நம்மட குறைய நாம சொல்லாட்டி அவர் அதையேதான் தேடிக்கிட்டு இரிப்பார் மச்சான். நாமளே சொல்லிட்டா பொறகு மத்ததக் கேப்பார்" என்றாய். "அந்த மெஷினப் பின்பக்கத்துக்கு மாத்து. சத்தம் உண்மையில கூடத்தான்."

மாற்றினேன். உன்னோடு திரும்பக் கதைக்கத்தான் கொஞ்சக் காலம் எடுத்தது. அதன் பிறகு அதுவும் சங்கத்தின் வழக்கமாகிவிட்டது. யாருடைய தொழிலுக்காகக் கதைத்தாலும் அதன் குறையைத்தான் முதலில் சொல்ல வேண்டும். மாகாணத்தில் எந்த அரசாங்கக் கந்தோருக்குப் போனாலும் இன்றைக்கு நமக்கு உட்காரக் கதிரை போடுகிறார்கள் என்றால் அதனால்தான். இதை உன் முகத்துக்கு முன்னால் நான் ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

நீ போன பிறகு தலைமையை என் தலையில் கட்டினார்கள். டின்னும் என்னிடம் வந்தது. இந்த வருடத் தொடக்கத்தில் நெல் ஆலை என்ற துண்டு ராத்தாவின் கையில் வந்தபோது ஒருவரும் ஒன்றும் நினைக்கவில்லை. கச்சான் அடித்து, முறைப்பாடும் போன பிறகுதான் எல்லாரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். மாற்றிப் போடுங்க என்றார்கள். நியாயமாகத்தான் பட்டது. உன் ஆலை, மச்சான். உன் மகள் தனியாக நின்று நடத்துகிறாள். அதை மூடினால் திறப்பது லேசில்லை. நான் டின்னைத் திறந்து கடதாசிகளைக் கொட்டியும் விட்டேன். ராத்தா மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"நான் முறைப்பாடு குடுத்த என்ட நூலுக்கு. மில்லுக்குக் கதைக்கிற சங்கத்துக்கு. ரெண்டும் எனக்குச் செய்ய ஏலும். மாத்தினா நான் இனி இந்தப் பக்கம் வரமாட்டன்."

நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய் என்று யோசிக்கத் தேவையே இருக்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. கடதாசிகளை அள்ளித் திரும்பவும் டின்னுக்குள் போட்டேன். ராத்தா ஒரு பகல் உன் ஆலையில் போய் நின்றாராம். உன் மகள் கதிரை போட்டும் உட்காரவில்லையாம். என்ன சொல்லப் போகிறார் என்று என்னிடம்கூடச் சொல்லவில்லை.

இன்று கச்சேரியில் அவர் எழுந்தார். உத்தியோகத்தர், "நீங்க முறைப்பாட்டுக்காரர் பக்கம்தானே?" என்று கேட்டார். "முறைப்பாட்டுல என்ட பெயர் இரிக்கி சேர். இப்ப மில்லுக்குக் கதைக்க வந்த" என்றார் ராத்தா. பையிலிருந்து புள்ளி விழுந்த நூலை எடுத்து மேசையில் வைத்தார்.

"இது இவங்கட சாம்பல். பொய் இல்ல. என்ட வீட்டுல சோத்துப் பானைக்குள்ளயும் விழுது."

முடிந்தது என்று நினைத்தேன். ராத்தா நூலை உத்தியோகத்தர் பக்கம் தள்ளிவிட்டுத் தொடர்ந்தார்.

"ஆனா நான் அங்க போய் நிண்டு பார்த்த. சாம்பலப் பிடிக்கிற பெட்டி பொருத்துறதுக்கு இந்தப் புள்ள ஆளக் கூட்டி வந்து அளந்து வெச்சிரிக்கா. அது செஞ்சு வாறத்துக்குள்ள அறுவடை வந்திரும். நாவிதன்வெளி நெல்லெல்லாம் இந்த மில்லுக்குத்தான் வாற. இப்ப மூடினா நெல் ஈரத்தோட கிடந்து முளைச்சிரும். பெட்டி வரும் வரைக்கும் மூட வேணாம் சேர். கச்சான் கடுமையா அடிக்கிற நேரம் மட்டும் அடுப்ப நிப்பாட்டட்டும். எனக்கும் அயலுக்கும் அது போதும். நான் எல்லாருக்கிட்டயும் கேட்டுட்டுத்தான் வந்த."

உத்தியோகத்தர் நூலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு உன் மகளைப் பார்த்து, "உங்களுக்கு ஏதும் சொல்ல இருக்கா?" என்றார்.

அவள் எழுந்தாள். அழுது கெஞ்சப் போகிறாள் என்று பயந்தேன்.

"ஓம் சேர். ராத்தாவுக்கு நூல் காயப்போட மறைப்பான இடம் இல்ல. எங்கட நெல்லுக் களத்துக்கு மேற்குப் பக்கம் கூரை போட்ட கொட்டில் ஒண்டு சும்மா கிடக்கு. சாம்பல் அங்கால வராது. கச்சான் முடியும் வரைக்கும் அவங்க அதுல காயப்போடலாம்."

"உங்கட மில்லப் பத்திக் கேட்டேன்."

"அத நான் கதைக்கக் கூடாது சேர். எங்கட சங்கத்துல அப்படி."

மச்சான், நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்தப் பிள்ளை எந்தக் கூட்டத்திலும் நீ கதைத்ததைக் கேட்டவள் இல்லை. நீ வீட்டில் எதையும் விளக்கிச் சொல்கிற ஆளும் இல்லை. ஆனாலும் அந்த அவசரமில்லாத குரல் உன்னுடையதுதான்.

பெட்டி பொருத்தும் வரை தவணை கிடைத்தது. வரும்போது ராத்தாவும் நம் வேனில்தான் வந்தார். இரண்டு பேரும் பின்னால் உட்கார்ந்து கொட்டில் கூரையில் எங்கே ஒழுகுகிறது என்று கதைத்துக்கொண்டு வந்தார்கள். ஆலை வாசலில் இறக்கிவிட்டபோது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. நான் கண்ணாடியை ஏற்றவில்லை. நேரே உன்னை அடக்கிய மையவாடிக்கு வந்து உனக்காக ஓதிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

டின் இப்போது என் முன்னால் இருக்கிறது. துண்டுகள் பழசாகிவிட்டன, மாற்றி எழுதுங்கள் என்கிறார்கள். நான் மாற்றவில்லை. உன் கோணல் எழுத்து கிடக்கட்டும். ஐஸுக்கும் இந்த வருடம் பெரிய கஷ்டம் வந்திருக்கிறது மச்சான். இவ்வளவு எழுதியும் உனக்குக்கூட அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை, பார்த்தாயா? அதை மட்டக்களப்புத் தச்சுப் பட்டறைக்காரர் கதைப்பார். நாளைக் காலையில் ஐஸ் ஆலைக்கு வந்து நிற்கிறேன் என்றிருக்கிறார். அவருக்குப் போர்த்திக்கொள்ள ஒரு சாக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.